இருபதாவது மடிப்பு

குழந்தை வளர்ப்பு மாத இதழின் ஆசிரியரும், என் மனைவியின் ஒரே தம்பியும், என்னை இந்த வம்பில் மாட்டிவிட்ட புண்ணியவானுமாகிய மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். என் இடது தோள் மட்டும் வழக்கம்போல வலது தோளைவிட இரண்டு விரற்கடை கீழே நிற்கிறது. அங்கு நீயும், தங்கச்சியும், நம் வெட்டுக்கிளியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பள்ளி விடுமுறையாயிற்றே, உன் மகள் இந்நேரம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருப்பாள். புரட்டட்டும், தடுக்காதே.

உன் அலுவலகத்திலிருந்து நேற்று வந்த நினைவூட்டல் கிடைத்தது. "தாங்கள் பரிசீலித்துவரும் காராக உருமாறும் ரோபோ பொம்மைக்கான மதிப்பெண் தாள் இன்னும் வந்துசேரவில்லை" என்று எழுதி, கீழே நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். சொந்த அத்தானுக்கு "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது என்று உன் அக்கா கேட்கிறாள். நான் கேட்கவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. தாமதத்துக்குக் காரணத்தைப் போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் போனில் சொன்னால் நீ சிரிப்பாய். எழுத்தில் இருந்தால் கோப்பில் இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் வேலையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவு எத்தனை வேகத்தில் மூடுகிறது என்று அளந்துகொண்டிருந்தபோது, உன் அக்கா அழாத குறையாக உனக்குப் போன் செய்ததும், நீ என்னைப் பொம்மை நடுவராக்கியதும் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அடுத்த அறையில்தான் இருந்தேன். இருந்தாலும் வேலை என்று வந்துவிட்டால் நான் வேலைக்காரன். எங்கள் சோதனைத் திடலில் இரண்டு வாசல் உண்டு. தேறாத வண்டி இடது வாசல் வழியாகப் பட்டறைக்குப் போகும், தேறிய வண்டி வலது வாசல் வழியாகச் சாலைக்குப் போகும். அதே முறையைத்தான் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் வைத்திருக்கிறேன். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் இடது கோடி தோல்வி, வலது கோடி தேர்ச்சி, நடுவில் நாங்கள் சாப்பிடுகிறோம். உன் அக்கா இதில் கைதேர்ந்துவிட்டாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உன் அலுவலகத்து ஹெல்மெட்காரர் வருவார் (அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை). அவர் வந்ததும் இடது கோடியில் இருப்பதை உன் அலுவலகத்துச் சாக்கில் போட்டுக் கொடுப்பாள். வலது கோடியில் இருப்பதைக் காகிதம் சுற்றி, வெட்டுக்கிளி பெயரை எழுதி, போகிற வழியில் உன் வீட்டில் கொடுக்கச் சொல்லி அனுப்புவாள். தேறிய மாதிரிப் பொருள் உன் மகளுக்கு என்பது நீயே போட்ட சட்டம். உன் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கேட்டால் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன் என்ற பயம்.

இதுவரை தேறியது மரக்கட்டை அடுக்கு ஒன்றுதான். பம்பரம் தோற்றது, அதை நிறுத்துவதற்கு அதுவே விழுவதைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை. பேசும் பொம்மை என்னிடமும், உன் அக்காவிடமும், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரிடமும் ஒரே குரலில் "எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்" என்றது. அதற்காகத் தாளில் "நேர்மை" என்று நானாக ஒரு கட்டம் போட்டு அதில் பூஜ்யம் வைத்தேன். நடுவர்கள் தாங்களாகக் கட்டம் போடக்கூடாது என்று உடனே நீ ஓலை அனுப்பினாய். சரி என்று விட்டுவிட்டேன். அந்த உத்தரவுதான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினான்கு நாட்களுக்கு முன் ஹெல்மெட்காரர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ரோபோ. செங்கல் நிறத்தில் உடம்பு, சாம்பல் நிறத்தில் கைகால், முகம் என்று பார்த்தால் இரண்டு மஞ்சள் கண்ணும் ஒரு கோடும். கோடு வாயாம். அது சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பிரேக் சரியில்லை என்று தெரிந்தே வரிசையில் நிற்கும் வண்டிச் சொந்தக்காரர்களின் வாய் அப்படித்தான் இருக்கும். கூடவே ஒரு துண்டுத்தாள். பத்தொன்பது மடிப்பில் ரோபோ காராகும், அதையே தலைகீழாகச் செய்தால் கார் ரோபோவாகும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை, ஸ்பிரிங்குகூட இல்லை. வெறும் பிளாஸ்டிக்கும் மூட்டுகளும்தான். இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள், மாப்பிள்ளை. பேட்டரி இல்லை.

முதல்முறை அதைக் காராக்க எனக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆயிற்று. ஒன்பதாவது மடிப்பில் கை போகவேண்டிய இடத்தில் கால் போய்ச் சிக்கிக்கொண்டு, தாளைத் தலைகீழாக வைத்துப் படிக்கிறேனோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. உன் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தாளைப் பார்க்காமலே நான்கு நிமிடத்தில் மடித்துக் காராக்கி வைத்துவிட்டு, "இதுல என்னங்க இருக்கு? பெட்ஷீட் மடிக்கிற மாதிரிதானே" என்று போய்விட்டாள். அந்த அவமானத்தையும் நான் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

பிறகு முறைப்படி சோதனை. இஸ்திரி மேஜையைச் சாய்த்து வைத்து மேட்டில் நிறுத்திப் பார்த்தேன். பிரேக் இல்லை, ஆனாலும் உருளவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடிப்பாகத்தைப் பார்க்கத் தரையில் படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. உன் அக்கா கடையிலிருந்து வரும்வரை அங்கேயே கிடந்து அடிப்பாகச் சோதனையை முழுமையாக முடித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. கடைசி மடிப்பில் ரோபோவின் தலை மார்புக்குள் இறங்கி, முகம் கீழே பார்த்தபடி மறைந்துவிட வேண்டும் என்கிறது தாள். இங்கே காரின் முன்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் அந்த முகம் மேலே பார்க்கிறது. விரலை விட்டுத் திருப்பி வைத்தேன். அடுத்தமுறை மறுபடி மேலே பார்க்கிறது. வண்டிக்குள் இருந்து ஆள் பார்க்கலாம், மாப்பிள்ளை. வண்டியே பார்க்கக்கூடாது.

நீ கொடுத்திருக்கும் விதிமுறையில் ஏழாவது: "குறைந்தது நூறு முறை உருமாற்றிப் பார்க்க வேண்டும்." மற்ற நடுவர்கள் நான்கு முறை செய்துவிட்டு நூறு என்று எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் நூறு என்றால் நூறு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் பத்து முறை என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மடிப்புக்கும் மூட்டு 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். ஆறு நாள் பழக்கத்தில் அந்தச் சத்தம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் போயிற்று. அறுபத்தோராவது முறை, பன்னிரண்டாவது மடிப்பில் இருந்தபோது மூக்குக்கண்ணாடியில் வியர்வை. துடைப்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், டிக், டிக் என்று ஏழு தடவை கேட்டது. திரும்பிப் பார்த்தால் கார் தயாராக நிற்கிறது. நான் வைத்தது மேஜையின் நடுவில். அது நின்றது வலது கோடியில்.

உன் அக்காவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்துக்கொண்டே, "நான் இங்கதானே நிக்கிறேன், உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்றாள்.

முகம் மேலே பார்ப்பது ஒன்றே போதும் என்று, அன்றே அதை இடது கோடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வலது கோடியில் இருக்கிறது. மறுபடி இடது. செய்தித்தாள் படித்து முடித்தால் வலது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், மேஜை துளிகூடச் சாயவில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். கோடு அப்படியே இருக்க, வண்டி மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டது. கடைசியில் உன் அக்காவின் முகப்பவுடர் ஒரு டப்பா முழுவதையும் மேஜை மேல் தூவி, அதை இடது கோடியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுப்பகல், மாப்பிள்ளை. ஜன்னல் வழியாக நல்ல வெயில், கீழே தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். கதவைத் திறந்தேன். பவுடரில் ஒரு சக்கரத் தடம்கூட இல்லை. காலடித் தடங்கள் இருந்தன. ரோபோவாக எழுந்து, நடந்து, வலது கோடிக்குப் போய், மறுபடி காராக மடிந்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு சக்கரம் இருந்தும் நடந்து போகிற வண்டியை நான் பணிக்காலத்தில் கண்டதில்லை. அதுகூடப் பரவாயில்லை. நடுவில், என் நாற்காலிக்கு நேரே, இரண்டு தடங்கள் மட்டும் பக்கம் பக்கமாக என் பக்கம் திரும்பி நின்றிருந்தன. அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

உன் அக்கா வந்து பார்த்தாள். "இந்தப் பவுடரை யாரு துடைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நூறு முடியவில்லையே. எழுபத்திரண்டாவது முறை நானே என் கையால், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு பத்தொன்பது மடித்தேன். கையை எடுத்தேன். அப்போது இன்னொரு டிக். இருபதாவது. துண்டுத்தாளில் இல்லாத மடிப்பு. கார் தனக்குள்ளேயே ஒருமுறை சுருங்கி, ரோபோவும் இல்லாமல் காரும் இல்லாமல் வேறொன்றாக நின்றது. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். முன்னால் குனிந்து, ஒரு கை எதையோ எழுதுகிற மாதிரி நீட்டி, இடது தோள் வலது தோளைவிடக் கீழே இறங்கி. உன் அக்கா தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அட, அச்சு அசல் நீங்களேதான்! முதுகு கூனல்கூட வருதே, எப்படிங்க செஞ்சீங்க?" என்று கைதட்டிச் சிரித்தாள். முப்பத்தைந்து வருட இல்வாழ்க்கையில் நான் செய்ததற்கு அவள் கைதட்டியது அதுதான் முதல்முறை. அதையும் நான் செய்யவில்லை.

இப்போது என் நிலைமையை யோசித்துப்பார். மதிப்பெண் தாளில் 'ரோபோ உருவம்' என்று ஒரு கட்டம், 'கார் உருவம்' என்று ஒரு கட்டம். மூன்றாவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? புதிதாகக் கட்டம் போடக்கூடாது என்பது உன் உத்தரவு. பேய் பிசாசு என்றால்கூட நான் சமாளித்துவிடுவேன். கட்டம் இல்லாத விஷயத்தை என்னால் சமாளிக்க முடியாது.

அதனால் தயாரித்த நிறுவனத்துக்கே போன் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். அவள் இன்னொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று மாற்றி, கடைசியில் அந்தப் பொம்மையை வடிவமைத்த பொறியாளரே கிடைத்தார். நல்ல மனிதர்.

"இருபதாவதா? இல்ல சார், பத்தொம்பதுதான். அதுக்கு மேல மடிக்க அதுல மூட்டே கெடையாது சார்" என்றார்.

"என் கண்ணு முன்னாலேயே மடிஞ்சுதே ஐயா" என்றேன்.

"எத்தன தடவ மாத்திப் பாத்தீங்க?"

"எழுபத்திரண்டு."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"நாங்க அறுபதுக்கு மேல போறதில்ல சார்" என்றார் மெதுவாக. "நீங்களும் நிறுத்திக்கங்க." ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். மறுபடி போட்டால் பாட்டுதான்.

நிறுத்தினேன். என் பணியில் நான் பாதியில் நிறுத்திய ஒரே சோதனை இது. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். உனக்கென்று எழுதுகிறேன், இந்தப் பகுதியை மட்டும் கோப்பில் வைக்காதே.

போன திங்கட்கிழமை பிற்பகல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தூங்கவில்லை. உன் அக்கா தேநீருடன் வந்து, "ஐயோ, என்னங்க இது கோலம்?" என்று அலறியபோதுதான் என்னையே பார்த்தேன். முழங்கால் இரண்டும் மார்போடு ஒட்டி இருக்கின்றன. கைகள் விலாவுக்குள் சொருகிக்கொண்டிருக்கின்றன. தலை உள்ளே இறங்கியிருக்கிறது. நான் குனிந்து செருப்பு மாட்டிப் பதினோரு வருடம் ஆகிறது என்பது உனக்கே தெரியும். மருத்துவர் கெஞ்சியும் மடங்காத முழங்கால் அது. வலியே இல்லாமல் மடங்கியிருந்தது. அவள் நான்கு தடவை கூப்பிட்டாளாம். எனக்கு நான்கும் கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சுகமாக இருந்தது, மாப்பிள்ளை. கவலை இல்லை, தோள் வலி இல்லை, எழுந்து எங்கேயும் போகவேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சுகத்துக்குப் பயந்து அந்த நாற்காலியில் நான் பிறகு உட்காரவே இல்லை. மனதுக்குள் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு வரை வந்திருந்தேன். நல்லவேளை, தேநீர் வந்தது.

பணியில் இருந்தபோது ஒருநாள் ஒரு லாரி சோதனைக்கு வந்தது. பிரேக், விளக்கு, டயர், எல்லாம் புத்தம் புதிது, ஒரு குறை இல்லை. ஆனால் இரண்டு நாளாகத் திடலில் நிறுத்தியிருந்த அந்த வண்டியின் ஸ்டியரிங் மட்டும் அப்போதுதான் யாரோ கையை எடுத்தது போலச் சூடாக இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. காரணம் என்ன எழுதுவது என்று மேலதிகாரி கத்தினார். 'ஸ்டியரிங் சூடு' என்று எழுதினேன். தொலைதூரத்துச் சோதனைச் சாவடிக்கு மாற்றிவிட்டார்கள், ஒன்றரை வருடம் உன் அக்காவை விட்டுப் பிரிந்து கிடந்தேன். அந்த லாரியை வேறொருவர் தேர்ச்சி கொடுத்து அனுப்பினார். அது பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது. அதே பயம்தான் இப்போதும்.

ஆகவே என் தீர்ப்பு: பூஜ்யம். நீ இதை என்ன காரணம் சொல்லி வேண்டுமானாலும் வெளியிட்டுக்கொள், அல்லது வெளியிடாமல் விடு. உங்கள் இதழின் தேர்ச்சி முத்திரை இதன் பெட்டி மேல் ஏறக்கூடாது. நமக்குள் இன்னொன்று சொல்கிறேன். வெட்டுக்கிளி இதைக் கையால் தொடக்கூடாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்ற குறையை அவள் முழங்கால் சிராய்ப்புகளுக்கு மருந்து போட்டே நாங்கள் தீர்த்துக்கொண்டோம். அவள் வந்தால் சோபா மேல் ஒரு கால், ஜன்னல் மேல் ஒரு கால். 'பிரேக் மாமா, என்னைப் பிடிங்க பாக்கலாம்' என்று ஓடுவாள். ஒருநாளும் நான் பிடித்ததில்லை. ஏழு வயதில் ஒரு நிமிடம் அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. உலகத்தில் பிரேக் இல்லாமலே நான் தேர்ச்சி கொடுத்தது அவள் ஒருத்திக்குத்தான்.

நீ கவலைப்படாதே. இதை எழுதும்போது அது என் கண் முன்னால், இடது கோடியில்தான் இருக்கிறது. மேலே இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்திருக்கிறேன். இன்று வியாழக்கிழமை. ஹெல்மெட்காரர் வந்ததும் சாக்கில் போட்டு, என் கையாலேயே வாயைத் தைத்து, இந்தக் கடிதத்தோடு உன் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். நீ திறக்காமலே நிறுவனத்தினருக்குத் திருப்பி அனுப்பு. இனி பம்பரம், பந்து மாதிரி சாதாரணமாகக் கெட்டுப்போகிற சாமான்களை மட்டும் எனக்கு அனுப்பு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வெட்டுக்கிளிக்கு எங்கள் இருவரின் முத்தமும் ஆசியும். ஓடட்டும், குதிக்கட்டும், எதையாவது உடைக்கட்டும், நூறு வயது வரை நிற்காமல் நடமாடட்டும். நீயும் உன் இதழும் ஓங்கி வளர வாழ்த்துகள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்,
வாகனத் தகுதி ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: கையெழுத்துக்கு மன்னிக்கவும், இதைப் பேருந்தில் முழங்கால் மேல் வைத்து எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் நடந்ததைப் பதிவு செய்வது பழக்கம். இன்று எழுதாமல் கிளம்பிவிட்டேன், அதனால் போகிற வழியில் எழுதுகிறேன். கடிதத்தை நானே நேரில் கொண்டுவருகிறேன்.

மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, உறை தேட உள்ளறைக்குப் போனேன். உன் அக்கா அதை எங்கே மாற்றி வைத்தாளோ, கிடைக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் இடது கோடியில் இஸ்திரிப்பெட்டி மட்டும் இருக்கிறது.

"இப்பத்தான் ஹெல்மெட்காரர் வந்துட்டுப் போனாரு. வலது பக்கம் இருந்துச்சு, பாஸ் போட்டுட்டீங்கன்னு சுத்திக் குடுத்துட்டேன்" என்றாள் உன் அக்கா.

காராக இருந்ததா, ரோபோவாக இருந்ததா என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லீங்க. சின்னப் பொண்ணு மாதிரி இருந்துச்சு, ரெட்டைச் சடை போட்டு, ஒரு காலைத் தூக்கிக்கிட்டு. நம்ம வெட்டுக்கிளிக்காக நீங்கதான் அப்படி மடிச்சு வெச்சிருக்கீங்கன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

உனக்குப் போன் போட்டேன், கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்குப் போட்டேன், ஒரு மணி நேரம் யாரும் எடுக்கவில்லை. பேருந்தில் ஏறிய பிறகுதான் தங்கச்சி எடுத்தாள்.

"பார்சல் அப்பவே வந்துடுச்சு அண்ணா, ரொம்ப தேங்க்ஸ்! அதுலருந்து வீட்ல சத்தமே இல்ல. இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் நான் நிம்மதியா குளிச்சேன். கூடத்து மூலையில கையக் கால மடக்கிக்கிட்டு சமத்தா உக்காந்திருக்கா. கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டேங்குறா. என்னமோ எண்ணிக்கிட்டே இருக்கா."

போனை அவள் காதில் வைக்கச் சொன்னேன். "கண்ணு, எந்திரிச்சு ஓடு, மாமா பிடிக்க வர்றேன்" என்றேன். பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் குரல் எங்கோ உள்ளேயிருந்து வந்தது.

"பத்தொம்பது வரைக்கும் வந்துட்டேன் மாமா."

"போதும்டா செல்லம். அப்படியே நிறுத்திக்கோ. அதுக்கு மேல மாமாவுக்கே தெரியாது" என்றேன்.

"பரவால்ல மாமா" என்றாள். "அது சொல்லித் தருது."